பிரஷர் மாத்திரை தரும் கை தூக்கத்தையும் விசாரிக்கட்டும்

உத்திரமேரூர் வட்டத்தில், சாலவாக்கத்துக்கு அருகே ஒரு சிற்றூர். காலை பத்து மணி இருக்கும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலப் பெண் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவரின் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கிறார். 162/94. போன மாதமும் ஏறக்குறைய இதே அளவுதான்.

“ஆயா, மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?”

“போடுறேன் கண்ணு. ராத்திரியில நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. மூணு மணிக்கு முழிச்சா அப்புறம் தூக்கமே வர்றதில்ல. அவரு போனதுலேர்ந்து இப்படித்தான் இருக்குது.”

“உப்பைக் குறைச்சிக்கோங்க ஆயா” என்று சொல்லிவிட்டு, அளவைக் குறித்துக்கொண்டு, அடுத்த மாதத்துக்கான மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் இன்னும் பல வீடுகள் ஏறி இறங்க வேண்டும். உள்ளே சாமி மாடத்தில், போன மாதத்து மாத்திரை அட்டை பாதிக்கு மேல் பிரிக்கப்படாமல் கிடந்தது.

இரத்த அழுத்தம் ஏன் குறையவில்லை என்பதற்கான விடையை அந்த ஆயா தன் வாயாலேயே சொல்லிவிட்டார். கணவரை இழந்த துக்கம், உடைந்த தூக்கம், படபடப்பு, மாத்திரை போடக்கூடப் பிடிக்காத சோர்வு. ஆனால் 162/94 மட்டும்தான் பதிவானது. இது அந்தத் தன்னார்வலரின் குறை அல்ல. இதயத்தை ஒரு துறை, மனத்தை இன்னொரு துறை, முதுமையை மூன்றாவது துறை என்று நாம் பங்கு போட்டு வைத்திருப்பதன் விளைவு. மருத்துவ ஆராய்ச்சியோ கடந்த முப்பது ஆண்டுகளாக இந்தப் பங்கீடு தவறு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதயவியல் அறிஞர் சலீம் யூசுப் தலைமையில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 2004-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்த சுமார் 15 ஆயிரம் பேரையும், ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் மாரடைப்பு வராதவர்களையும் அது ஒப்பிட்டது. மாரடைப்பு ஆபத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒன்பது காரணிகளால் விளக்கிவிடலாம் என்று கண்டது. புகைப்பழக்கம், கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, தொப்பை ஆகியவற்றோடு அந்தப் பட்டியலில் மன அழுத்தமும் மனச்சோர்வும் இருந்தன. அதே ஆய்வின் தெற்காசியத் தரவுகளைத் தனியே பிரித்து 2007-இல் வெளியிட்டபோது இன்னொரு செய்தி தெரிந்தது. மற்ற நாட்டவருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 59 வயதை ஒட்டி வருகிறது என்றால், நம்மவருக்கு 53 வயதிலேயே வந்துவிடுகிறது.

இந்தியாவையும் உள்ளடக்கி 21 நாடுகளில் 1.45 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ‘ப்யூர்’ ஆய்வு 2020-இல் மனத்துக்கும் இதயத்துக்குமான இந்தத் தொடர்பை மேலும் உறுதிப்படுத்தியது. மனச்சோர்வின் அறிகுறிகள் நான்கோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு இதய நோயும் மரணமும் நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 20 சதவீதம் அதிகம். பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வேறுபாடு இல்லை. மனச்சோர்வு வசதியானவர்களின் நோய், உழைக்கிற கிராமத்தானுக்கு ஏது அதெல்லாம் என்று இனியும் பேசுவதில் பொருளில்லை.

மாரடைப்பு வந்த பிறகு நிலைமை இன்னும் கடுமை. 1993-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நான்சி ஃப்ராஷர்-ஸ்மித் குழுவினர் மாரடைப்பிலிருந்து பிழைத்த 222 பேரைக் கவனித்தனர். மனச்சோர்வில் விழுந்தவர்கள் அடுத்த ஆறே மாதத்தில் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது. மாரடைப்பு வந்து வீடு திரும்புவோரில் ஐந்தில் ஒருவருக்குக் கடும் மனச்சோர்வு வருகிறது என்பது இன்று எல்லா இதய மருத்துவர்களும் அறிந்த உண்மை. ஆனால் ‘ஸ்டென்ட்’ வைத்து ஊருக்கு அனுப்பும்போது கையில் தரும் தாளில் எத்தனை பேருக்கு இதைப் பற்றி ஒரு வரி எழுதப்படுகிறது?

மனத்தில் இருப்பது இதயத்துக்கு எப்படி இறங்குகிறது? கவலை நீடித்தால் உடல் எந்நேரமும் ஆபத்தில் இருப்பதுபோலவே நடந்துகொள்கிறது. அட்ரினலின், கார்டிசோல் போன்ற சுரப்புகள் ஏறிய இடத்திலேயே நிற்கின்றன. இரவில் இயல்பாகவே தணிய வேண்டிய இரத்த அழுத்தம் தணிவதில்லை. தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறையத் தோதாகிறது. இரத்தக் குழாயின் உட்சுவரில் அழற்சி மெல்லப் பரவுகிறது. பேரிழப்பைக் கேட்ட அதிர்ச்சியில், அடைப்பே இல்லாத இதயத்தின் கீழ்ப்பகுதி திடீரென்று துடிப்பு தளர்ந்து உப்பிப்போவதை ஜப்பானிய மருத்துவர்கள் 1990-இல் விவரித்தார்கள். டகோட்சுபோ எனப்படும் அந்த நோய்க்கு ஆளாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள். மகன் விபத்தில் போன செய்தி கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த தாய்மார்களைப் பற்றி நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்களே, அதில் மிகையில்லை.

சுரப்புகளையும் தட்டணுக்களையும்விட எளிய வழி ஒன்றும் இருக்கிறது. மனம் சோர்ந்தவர் மாத்திரை போடுவதில்லை. சமைக்கப் பிடிக்காமல் காலையில் ஆக்கிய சோற்றில் தண்ணீர் ஊற்றி, ஊறுகாயோடு இரண்டு வேளையையும் ஓட்டிவிடுகிறார். நடப்பதில்லை. ஆண்கள் பீடியையும் குடியையும் நாடுகிறார்கள். நெஞ்சு வலித்தாலும் “போகிற உயிர் போகட்டும்” என்று யாரிடமும் சொல்லாமல் படுத்துக்கொள்கிறார்கள். சாமி மாடத்தில் பிரிக்காமல் கிடந்த அட்டை சொன்னது இதைத்தான்.

இந்தப் பாதை ஒருவழிப் பாதையும் அல்ல. பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தம் மூளையின் நுண்குழாய்களைச் சிதைக்கிறது. அதனால் முதுமையில் மந்தமும் ஆர்வமின்மையும் மறதியும் வருகின்றன. “வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று நாம் ஒதுக்கிவிடுகிற பல மாற்றங்கள் வயதால் வருபவை அல்ல, இரத்தக் குழாயால் வருபவை. அப்படியானால் அவற்றைத் தள்ளிப்போடவும் முடியும். மறதிநோய் குறித்த ‘லான்செட்’ ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொல்லி, அவற்றைச் சரிசெய்தால் உலகின் மறதிநோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்கிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தனிமை, காது மந்தம், கண் பார்வைக் குறைவு எல்லாம் அந்த ஒரே பட்டியலில் அருகருகே நிற்கின்றன.

இதை வெள்ளைக்காரர்களின் ஆராய்ச்சி என்று ஒதுக்க வேண்டாம். மறதிநோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாழும் வளரும் நாடுகளில் பத்தில் ஒரு பங்கு ஆராய்ச்சிகூட நடப்பதில்லை என்ற ஆதங்கத்தைத் தன் பெயரிலேயே ஏந்திய ‘10/66’ ஆய்வுக் குழு, சென்னை நகரையும் வேலூர் மாவட்டக் கிராமங்களையும் தன் ஆய்வுக் களங்களாகக் கொண்டது. அதற்கும் முன்பே, அன்றைய செங்கல்பட்டு வட்டாரத்தின் திருப்போரூரில் ராஜ்குமார், குமார், தாரா ஆகிய மருத்துவர்கள் அறுபது வயதைக் கடந்தவர்களிடையே நடத்திய ஆய்வு 1997-இல் வெளியானது. நூறு பேரில் மூன்று, நான்கு பேருக்கு மறதிநோய் இருந்ததை அது காட்டியது. கிராமத்தில் இந்த நோயே கிடையாது என்ற நினைப்பு நம் மண்ணிலேயே உடைந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது.

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலைத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட விதிகளில் வயது வரம்பும் உண்டு. முதல் கல்வெட்டு முப்பதிலிருந்து அறுபது வயதுக்குள் என்றது. இரண்டே ஆண்டில் அது முப்பத்தைந்திலிருந்து எழுபது என்று மாற்றப்பட்டது. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே கிடைத்த உரிமை அது, அதைப் போற்றிப் பாட எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் அறுபது வயதுக்காரரை வீட்டுக்கு அனுப்பாமல் ஏரி வாரியத்திலும் தோட்ட வாரியத்திலும் இன்னும் பத்தாண்டு பொறுப்பில் வைத்திருக்கலாம் என்று ஓர் ஊர் யோசித்திருக்கிறது. ஊர்க் காரியத்தில் ஒரு பங்கு இருப்பது முதியவரின் உடம்புக்கும் நல்லது என்பதை இன்றைய ஆய்வுகள் வேறு மொழியில் சொல்கின்றன.

இன்று அதே வட்டாரத்தில் முதியவருக்கு என்ன பங்கு மிச்சமிருக்கிறது? விடிவதற்கு முன்பே ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்கள் கிளம்பிவிடுகின்றன. மகனும் மருமகளும் ஷிப்டு முடிந்து வந்தால் சாப்பிட்டுப் படுக்கத்தான் நேரமிருக்கிறது. சிலர் படப்பைப் பக்கமே வாடகைக்குக் குடிபோய்விட்டார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்த பிறகு வயல் வேலையில் அனுபவசாலியின் யோசனையைக் கேட்க யாருமில்லை. தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021-இல் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் கணித்தது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. 2031-இல் இது 18 சதவீதத்தைத் தாண்டும்.

கூட்டுக் குடும்பம் இருந்தால் தனிமை இல்லை என்று நாம் நம்புகிறோம். அது முழு உண்மையல்ல. ஒரே கூரையின் கீழ் ஆறு பேர் இருந்தும், காலையிலிருந்து ஒருவரும் “சாப்பிட்டியா ஆயா” என்று கேட்காத வீடுகள் உண்டு. காது மந்தமான தாத்தாவிடம் இரண்டு முறை சொல்லப் பொறுமையில்லாமல் பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள். சமூகத் தொடர்பு குன்றியவர்களுக்கு மாரடைப்பு, இதய நோய் ஆபத்து 29 சதவீதமும் பக்கவாத ஆபத்து 32 சதவீதமும் அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்த ஆங்கிலேய ஆய்வாளர்கள் 2016-இல் கணக்கிட்டார்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2022-இல் இதையே அதிகாரபூர்வமாக எச்சரித்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். “மனசை சந்தோஷமா வச்சுக்கோங்க, ஹார்ட் நல்லாயிருக்கும்” என்று காணொளிகளில் பேசுகிற பலர் ஆராய்ச்சியை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்துக்கொண்டு போகிறார்கள். மாரடைப்பு வந்த 2,481 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ‘என்ரிச்ட்’ சோதனையில், உளவியல் சிகிச்சையால் மனச்சோர்வு ஓரளவு குறைந்தது, ஆனால் உயிரிழப்பும் மறு மாரடைப்பும் குறையவில்லை. 2003-இல் வெளியான அந்த முடிவு பலரை ஏமாற்றியது. பிறகு தென்கொரியாவில் 300 நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளியான சோதனையில், ஆறு மாதம் மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களில் அடுத்த எட்டாண்டுக் காலத்தில் 41 சதவீதத்தினருக்கு மறுபடி இதயப் பாதிப்போ மரணமோ நேர்ந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் அது 54 சதவீதம். ஆக, முறையான சிகிச்சைக்குப் பலன் இருக்கலாம், உபதேசத்துக்கு இல்லை. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தியானம் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால் அவர் உங்கள் பகைவர்.

முதியவரின் மனநலம் காற்றில் தொங்குவதும் அல்ல. கண்புரை நீக்கினால், காதுக்குக் கருவி கிடைத்தால், மூட்டு வலிக்கு ஒரு வழி பிறந்தால், மாதப் பணம் தவறாமல் வந்தால் பாதிக் கவலை தானே விலகும். தமிழக அரசு முதியோர் உதவித்தொகையை 2023-இல் ரூ.1,200 ஆக உயர்த்தியது. அதில் மத்திய அரசின் பங்கு, எண்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, வெறும் 200 ரூபாய். பல ஆண்டுகளாக அந்த 200 அப்படியே நிற்கிறது. இதயத்துக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றித் தில்லியில் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் முதலில் இந்தத் தொகையைப் பற்றிப் பேச வேண்டும்.

நம்மால் முடியுமா என்றால், முடியும் என்பதற்கு இதே வட்டாரத்தில் முன்னுதாரணம் இருக்கிறது. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இன்று செங்கல்பட்டு மாவட்டத்திலும் உள்ள சூனாம்பேட்டையைச் சுற்றிய 42 கிராமங்களில், மருத்துவர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2006 முதல் ஒரு திட்டத்தை நடத்தியது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்போடு ஒரு மருத்துவ வண்டி கிராமம் கிராமமாகப் போனது. உள்ளூர் இளைஞர்களையே பணிக்குப் பயிற்றுவித்தார்கள். வயது வந்தோரில் 86 சதவீதத்தினரைப் பரிசோதித்தார்கள். சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. கிராமத்து வாசலிலேயே பெரும்பகுதி சிகிச்சையை முடிக்கலாம் என்று அத்திட்டம் காட்டியது.

அதன் பிறகு அரசே பெரிய அளவில் இறங்கியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதைப் பெற்றது. தகுதியான விருதுதான். நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-இல் வந்தது. ஆனால் 2020-இல் மாநிலம் தழுவி எடுத்த கணக்கெடுப்பில், வயது வந்தோரில் மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தும் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். அடுத்த கணக்கெடுப்பில் இது சுமார் 17 சதவீதமாக உயர்ந்தது. நல்ல முன்னேற்றம். மீதி 83 பேர்? மாத்திரை வாசலுக்கே வந்துவிட்ட பிறகும் அது வாய்க்குள் போகாததற்குக் காரணம் தேட வேண்டாமா?

அந்தக் காரணங்களில் ஒன்று மனம். அதைக் கண்டறிய மனநல மருத்துவர் தேவையில்லை. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்ததா, மனசு சோர்ந்து நம்பிக்கையற்றுப் போனதா என்ற இரண்டே கேள்விகள் போதும். தொற்றா நோய்ப் பரிசோதனைக்கான தேசிய அளவிலான சமுதாய மதிப்பீட்டுப் படிவத்திலேயே இந்த இரண்டும் இருக்கின்றன. பதிவு செய்யும்போது படிவத்தை நிரப்புவதோடு அது முடிந்துவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மாத்திரை கொடுக்கிற அதே திண்ணையில், பேச்சுத் தமிழில் கேட்கப்பட வேண்டும். “மனச்சோர்வு இருக்கிறதா” என்று கேட்டால் எந்த ஆயாவும் ஆமாம் என்று சொல்ல மாட்டார். “ராத்திரி தூக்கம் வருதா? முன்ன மாதிரி நாலு பேர்கிட்ட பேசத் தோணுதா?” என்று கேட்டால் கொட்டித் தீர்த்துவிடுவார்.

கேட்ட பிறகு என்ன செய்வது என்பதற்கும் வழி தெரியாமல் இல்லை. கோவாவில் அறுபது வயதைக் கடந்த, சோர்வின் தொடக்க அறிகுறிகள் உள்ள 181 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. மருத்துவம் படிக்காத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வீட்டுக்கே போய்ச் சிக்கலைப் பகுத்துப் பேசவும், தூக்கத்தைச் சீராக்கவும், சர்க்கரை, பிரஷரைக் கவனிக்கவும், அரசு உதவிகளைப் பெறவும் துணை நின்றார்கள். ஓராண்டில் அந்த உதவி பெற்றவர்களில் முழு மனச்சோர்வு நோய் வந்தது நூற்றுக்கு நான்கு பேருக்கு. அது கிடைக்காதவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு. சீனாவின் 326 கிராமங்களில் சுமார் 34 ஆயிரம் பேரிடம் கிராம மருத்துவப் பணியாளர்களே இரத்த அழுத்தத்தைக் கண்டிப்பாகக் குறைத்தபோது, நான்கு ஆண்டில் மறதிநோய் 15 சதவீதம் குறைந்ததாக 2025-இல் முடிவு வெளியானது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நம்மிடம் தன்னார்வலர் இருக்கிறார், பை இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, வீட்டு வாசலும் தெரியும்.

எனவே காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். உத்திரமேரூர் ஒன்றியத்தில் இதைத் தொடங்குங்கள். தன்னார்வலர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுங்கள். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊக்கத்தொகையும் கொடுங்கள், ஏனெனில் பெண்களின் பரிவை இலவசமாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை. ஒரு வீட்டில் பத்து நிமிடம் உட்கார நேரம் இருக்கும்படி வீடுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் குறித்த நாளில் உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் இருப்பார் என்று ஊர் முழுக்கத் தெரியட்டும். பூட்டிக் கிடக்கும் ஊர்ப்புற நூலகமோ சமுதாயக் கூடமோ மாலையில் முதியவர்களுக்காகத் திறக்கப்படட்டும். ஏரி தூர்வாரல், நீர்ப் பங்கீடு, கோயில் விழா பற்றிய கிராம சபைப் பேச்சில் அவர்கள் பெயர்சொல்லி அழைக்கப்படட்டும். ஓராண்டு கழித்து இரத்த அழுத்தக் கட்டுப்பாடு எவ்வளவு உயர்ந்தது என்று அளந்து பாருங்கள். பலன் இல்லையென்றால் அதையும் ஊரறியச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மா “நெஞ்சை அடைக்குது” என்றால் வாயு என்று சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள். முதியவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல் மூச்சு வாங்கல், வியர்வை, அசதி என்று வரலாம், உடனே 108-ஐ அழையுங்கள். அப்பா சில வாரங்களாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, விடியற்காலை விழித்துக் கிடந்தால் அது பிடிவாதமும் அல்ல, வயதும் அல்ல. மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பேசத் தயங்கினால் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-இல் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். முதியோர் உதவி எண் 14567. இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, அம்மாவின் கண்ணில் படும்படி இன்றே சுவரில் ஒட்டுங்கள்.